சும்மா இருக்கிறது என்றார்கள்

நம் ஊரில் ஒருவர் ஈரல் கெட்டு இறந்தார் என்றால், துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ரொம்ப நாளா ஊத்திக்கிட்டு இருந்தாரா?" புதுச்சேரிக்காரன் என்றாலே வெளியூர்க்காரர்கள் கண் சிமிட்டுகிற காலம் இது. நாமும் நம்மை அப்படியே பார்க்கப் பழகிவிட்டோம். குடி ஈரலைக் கெடுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. நான் வசிக்கும் தெருவிலேயே அதற்குச் சாட்சிகள் உண்டு. ஆனால் ஈரல் நோய் என்றால் குடி மட்டும்தான் என்று முடிவு கட்டிவிடுவதால், வேறொரு குற்றவாளி நம் வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறையாகச் சௌகரியமாகக் குடியிருக்கிறான். ஹெபடைடிஸ் பி என்ற வைரஸைத்தான் சொல்கிறேன்.

அவனுக்கு அந்தச் சௌகரியத்தைச் செய்து கொடுத்ததில் ஒரு சொல்லுக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்களுக்கு ஈரல் மேல் தனிப் பிரியம். விருந்தில் அளவு மீறிச் சாப்பிட்டு வயிறு பொருமினால்கூட 'க்ரீஸ் து ஃபுவா' என்று ஈரலின் தலையில்தான் பழியைப் போடுவார்கள். அப்படிப்பட்டவர்களின் வைத்திய நூல்களில், ரத்தத்தில் இந்த வைரஸ் இருந்தும் உடம்புக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பவருக்கு 'போர்த்தர் ஸேன்' என்று ஒரு பெயர் வழக்கத்தில் இருந்தது. ஆரோக்கியமாகச் சுமப்பவர் என்று பொருள். ஆங்கிலத்தில் வெறும் 'கேரியர்'. நம் டாக்டர்கள் அதைத் தமிழாக்கி, "கிருமி இருக்கு, ஆனா சும்மா இருக்கு" என்றார்கள். சுமை தூக்குகிறவனுக்கு முதுகு வலிக்காது என்று யார் சொன்னது?

என்னோடு ஒரே பிரிவில் பதினேழு வருடம் மேசை போட்டிருந்த நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். சுத்த சைவம், கிருத்திகை தவறாதவர். பிரிவுபசார விருந்துகளில் மற்றவர்கள் கோப்பையை நிரப்பும்போது இவர் கோல்டு ஸ்பாட் பாட்டிலோடு ஓரமாக நிற்பார். 1998-இல் அலுவலகத்தில் ரத்த தான முகாம் நடந்தது. இவரும் கொடுத்தார். சில நாளில், இவருடைய ரத்தம் பிறருக்கு ஏற்றத் தகுந்ததல்ல என்று கடிதம் வந்தது. கடிதத்தோடு ஒரு மருத்துவரிடம் போனார். "நீங்க கேரியர், அவ்வளவுதான். சும்மா இருக்கு. ரத்தம் மட்டும் இனிமே கொடுக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நண்பர் அந்தக் கடிதத்தை எல்.ஐ.சி. பத்திரங்களோடு பீரோவில் வைத்துப் பூட்டினார். பதிமூன்று வருடம் அது அங்கேயே இருந்தது. 2011-இல் வயிறு வீங்கி ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் எலுமிச்சை அளவில் இரண்டு கட்டிகள். நான்கே மாதம்.

பதினாறாம் நாள் காரியத்தில் அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "அண்ணே, உங்களுக்குத் தெரியாமகூட இருக்காது. வெளியில எங்கயாவது குடிச்சாரா?" முப்பது வருடம் கூடக் குடும்பம் நடத்தியவர் கேட்ட கேள்வி இது. சொந்தக்காரர்கள் பேசியது அவரையும் சந்தேகப்பட வைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்த வைரஸ் உள்ளே போய் அப்படி என்னதான் செய்கிறது என்று நான் படிக்க ஆரம்பித்தேன். பிரெஞ்சில் எளிமையாக எழுதியவை நிறையக் கிடைத்தன. புரியாததை மருத்துவம் படித்த உறவுக்காரப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டேன்.

முதலில் ஆச்சரியப்பட வைத்தது அதன் சின்ன உருவம். நம்முடைய மரபணுப் பாடம் முன்னூறு கோடி எழுத்து என்றால் இந்த வைரஸுக்கு மொத்தமே 3,200 எழுத்துதான். டைப்ரைட்டரில் அடித்தால் ஒரு ஃபுல்ஸ்கேப் தாள். அதற்குள் நான்கு கட்டளைகளை எழுதி வைத்திருக்கிறது. எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் கஞ்சத்தனமான ஹெட் கிளார்க் யாராவது தயாரித்தாரோ என்று தோன்றும். ஒரே வரியை முதலெழுத்திலிருந்து படித்தால் ஒரு உத்தரவு, ஓர் எழுத்து தள்ளிப் படித்தால் வேறொரு உத்தரவு. இந்த உத்தரவுகளின்படி ஈரலின் உயிரணுக்கள் தயாரித்துக் கொடுக்கும் பொருள்கள்தான் வைரஸின் புரதங்கள்.

அவற்றில் நமக்கெல்லாம் பெயர் தெரிந்தது மேலுறைப் புரதம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று அச்சிட்டிருப்பார்களே, அதேதான். பழைய டாக்டர்கள் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்பார்கள். அமெரிக்க விஞ்ஞானி பாரூக் பிளம்பர்க் 1960-களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் இதை முதலில் பார்த்ததால் வந்த பெயர். அவர் அப்போது மஞ்சள் காமாலையைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. மனிதருக்கு மனிதர் ரத்தப் புரதங்கள் எப்படி மாறுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய பிறந்த நாளான ஜூலை 28-ஐத்தான் உலக ஹெபடைடிஸ் தினமாக வைத்திருக்கிறார்கள்.

இந்த மேலுறையை வைரஸ் தனக்குத் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஒரு முழுக் கிருமி வெளியே வருகிறது என்றால், அதனோடு ஆயிரம் முதல் ஒரு லட்சம் வரை வெற்று உறைகள் ரத்தத்தில் கொட்டப்படுகின்றன. உள்ளே ஒன்றுமில்லாத காலி உறைகள். எதற்கு இந்த வீண் செலவு? அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு முக்கியமான புகார் மனுவை மேலதிகாரி பார்க்கக் கூடாது என்றால், அதைத் தொலைக்க வேண்டியதில்லை. அவர் மேசையில் அதேபோல் ஆயிரம் உறைகளைக் குவித்தால் போதும். நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் இந்த வெற்று உறைகளைத் துரத்தித் துரத்தி ஓய்ந்து போகின்றன. வருடக்கணக்கில் ஒரே எதிரியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, சண்டை போடும் திறனையே இழந்துவிடுகின்றன.

வெளியே போகாமல் உயிரணுவுக்குள்ளேயே தேங்கிவிடும் உறைப் புரதமும் உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த உயிரணுக்கள் அரைத்த கண்ணாடி போல மங்கலாகத் தெரியும் என்கிறார்கள். எலிகளின் ஈரலில் இந்த உறைப் புரதத்தின் பெரிய வகையை மட்டும் அளவுக்கு மீறி உற்பத்தியாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முழு வைரஸ் இல்லை, எதிர்ப்பு அணுக்களின் தாக்குதலும் இல்லை. ஆனாலும் அந்த எலிகளின் ஈரல் நைந்து, கடைசியில் புற்று வந்திருக்கிறது. புரதம் தேங்குவதே ஒரு கேடு.

அடுத்தது என் மனதை அதிகம் குடைந்த புரதம். என்ன வேலை செய்கிறது என்று ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாததால் அதற்கு எக்ஸ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நூற்றைம்பத்து நான்கு கண்ணிகள் கோத்த சின்னச் சரடு. இதன் வேலை புரிய வேண்டுமானால் முதலில் ஆவணக் காப்பறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைரஸ் ஈரல் உயிரணுவுக்குள் புகுந்ததும் தன் ஃபுல்ஸ்கேப் தாளை ஒரு வளையமாகச் சுருட்டி, உயிரணுவின் உட்கருவில், நம்முடைய சொந்த மரபணு இருக்கும் அறையிலேயே வைத்துவிடுகிறது. மூலப் பிரதி அது. நகல்கள் எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. நம் உயிரணு ஏமாளி இல்லை. அந்நியக் கோப்பு வந்திருக்கிறது என்று கண்டுபிடித்து அதைக் கட்டி முத்திரை வைத்துவிடும் காவலர்கள் அங்கே உண்டு. எக்ஸ் புரதம் அந்தக் காவலர்களைப் பிடித்து, உயிரணுவின் குப்பைத் தொட்டிக்கு அனுப்பிவிடுகிறது. அதற்கும் உயிரணுவின் சொந்தத் துப்புரவு ஏற்பாட்டையே பயன்படுத்திக்கொள்கிறது! ஜெனீவா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2016-இல் இதை விளக்கினார்கள்.

அந்தக் காவலர்கள் வைரஸுக்காக மட்டும் அங்கே இருப்பவர்கள் இல்லை. நம் மரபணுவில் கீறல் விழுந்தால் ஒட்டுப்போடும் வேலையிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. அவர்களைத் துரத்திவிட்டால் கீறல்கள் சேரும். போதாததற்கு, வைரஸின் துண்டுகள் சில நம் மரபணுப் பாடத்துக்குள்ளேயே போய்ச் சொருகிக்கொள்கின்றன. பாரிஸ் பாஸ்தேர் நிலையத்தில் ஆன் தெஜான் என்ற பெண்மணியும் கூட இருந்தவர்களும் 1986-இல் ஒரு நோயாளியின் ஈரல் கட்டியை ஆராய்ந்து, உயிரணு வளர்ச்சியோடு தொடர்புள்ள ஒரு மரபணுவுக்குள் வைரஸின் துண்டு உட்கார்ந்திருந்ததைக் காட்டினார்கள். ஹெபடைடிஸ் பி இருப்பவர்களில் சிலருக்கு, ஈரல் சுருங்கும் கட்டமே வராமல் நேராகப் புற்று வருவதற்கு இதுவெல்லாம் காரணம். என் நண்பர் விஷயத்தில் இப்படித்தான் நடந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவர் ஆரோக்கியமாகச் சுமந்துகொண்டிருந்ததாகச் சொன்ன அந்தப் பதிமூன்று வருடத்தில், 'சும்மா' இருந்தது அந்தக் கிருமி அல்ல. பீரோவில் இருந்த கடிதம்தான்.

இதைப் படிக்கும்போது ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வைரஸ் பொதுவாக ஈரல் உயிரணுவை நேரடியாகக் கொல்வதில்லை. அது குடியிருக்கும் வீட்டை இடிப்பது நம்முடைய எதிர்ப்பு அணுக்கள். வீட்டுக்குள் திருடன் இருக்கிறான் என்று வீட்டையே கொளுத்துகிற போலீஸ். ஒரே மூச்சில் கொளுத்தி முடித்துவிட்டால் நல்லது. மஞ்சள் காமாலையாக வந்து, கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகி, சில வாரத்தில் ஆள் தேறிவிடுவார். பெரியவர்களுக்கு வந்தால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அப்படித்தான். பிறக்கும்போது தாயிடமிருந்து வந்தால் கதை தலைகீழ். நூற்றில் தொண்ணூறு குழந்தைகளுக்கு அது தங்கிவிடும். குழந்தையின் உடம்பு அதை அந்நியனாகவே நினைப்பதில்லை. பிறகு இருபது வயதிலோ நாற்பதிலோ விழித்துக்கொண்டு, அரைகுறையாகச் சண்டை போட ஆரம்பிக்கும். கொஞ்சம் எரிப்பது, கொஞ்சம் வளர்வது, எரிந்த இடத்தில் தழும்பு. ஈரல் வெட்ட வெட்டத் துளிர்க்கும் உறுப்பு என்று நாம் பெருமைப்படுகிறோம். கீறல் விழுந்த மரபணுவை வைத்துக்கொண்டு முப்பது வருடம் திரும்பத் திரும்பத் துளிர்த்தால், ஏதோ ஒரு துளிர் கோணலாக வரத்தானே செய்யும்?

நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வைரஸை அடக்கி வைத்திருப்பது நம் எதிர்ப்பு சக்தி. அந்தச் சக்தியையே மருந்து கொடுத்துக் குறைத்தால்? புற்றுநோய்க்குக் கீமோ கொடுக்கும்போதும், அதிக அளவில் நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடும்போதும், ரிடுக்சிமாப் போன்ற ஊசிகள் போடும்போதும் காப்பறையில் கிடந்த மூலப் பிரதி மறுபடி நகல் எடுக்க ஆரம்பிக்கிறது. எப்போதோ வந்து முழுக்கக் குணமாகிவிட்டது என்று நினைத்தவர்களுக்குக்கூட இது நேர்வது உண்டு. ஆகவே அப்படிப்பட்ட சிகிச்சை தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை ஆயிற்றா என்று நாமே கேட்டுவிடுவது நல்லது. டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தாலும் பரவாயில்லை.

ஹெபடைடிஸ் சி என்று இன்னொன்று இருக்கிறது. பெயரில்தான் உறவு, குலம் வேறு. அது தன் புரதங்கள் எல்லாவற்றையும் ஒரே நீள நாடாவாக நெய்து பிறகு பத்துத் துண்டாக வெட்டிக்கொள்கிறது. வெட்டும் கத்தியும் அந்த நாடாவில் ஒரு துண்டுதான். அதே கத்தியால் நம் உயிரணுவின் அபாய மணிக் கயிற்றையும் அறுத்துவிடுகிறது. அதன் உட்கருப் புரதம் ஈரலில் கொழுப்பு சேர வைக்கிறது. ஆனால் அதற்குக் காப்பறையில் மூலப் பிரதி வைக்கும் சாமர்த்தியம் இல்லை. அதனால் அந்தப் புரதங்களையே குறிவைத்துச் செய்த சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் மாத்திரைகளைப் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு முழுக்கவே போய்விடுகிறது. 'பி'க்கு அப்படி இல்லை. டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் நகலெடுக்கும் இயந்திரத்தை நிறுத்துகின்றன. மூலப் பிரதி அறையிலேயே இருக்கும். எனவே பல வருடம், பலருக்கு ஆயுள் முழுக்க, தினம் ஒரு மாத்திரை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடுகிறவர்களுக்கு இது ஒரு பெரிய காரியமா?

இங்கே கீழாநெல்லியைப் பற்றிப் பேசாமல் போனால் நம்மவர்கள் விட மாட்டார்கள். மோரில் அரைத்துக் கொடுத்தால் காமாலை போய்விடும் என்பது எல்லா வீட்டிலும் உண்டு. தண்ணீர், உணவு வழியாக வரும் ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலும் தானாகவே போய்விடும். பேர் கீழாநெல்லிக்குப் போகும். பி விஷயத்தில் இதை விஞ்ஞானிகள் அலட்சியமாகத் தள்ளிவிடவும் இல்லை. சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று 1988-இல் லான்செட் இதழில் வந்தது. எழுதியவர்களில் ஒருவர் அந்த நோபல் பிளம்பர்க்கேதான். கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்ததாகவும், போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்ததாகவும் கண்டார்கள். படித்தபோது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. நம் மூலிகை என்ற பாசத்துக்காக இதை மறைக்கக் கூடாது. நண்பரின் அண்ணன் நாற்பத்திரண்டு வயதில் 'காமாலை'யில் போனவர். கீழாநெல்லியும் பத்தியமும்தான் கடைசி வரை. அதுவும் இதே கிருமியாக இருந்திருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது.

நண்பரின் மனைவிக்கு நான் படித்ததை என்னால் முடிந்தவரை விளக்கினேன். குடி இல்லை அம்மா, கூடப் பிறந்தாற்போல் வந்த கிருமி என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படின்னா பசங்களுக்கு?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். எல்லோருக்கும் பரிசோதனை செய்தோம். மூத்தவனுக்கு இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்துக்கொண்டு, இப்போது மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான். சின்னவனுக்கு இல்லை, அவனுக்கும் அம்மாவுக்கும் தடுப்பூசி போட்டாயிற்று.

அந்தத் தடுப்பூசி விஷயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. பிரான்சின் தூர் நகரத்தில் ஃபிலிப் மொப்பா என்பவர் 1976-இல் அறிவித்த முதல் தடுப்பூசிகள், அந்த வெற்று உறைகளையே ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துச் செய்தவை. நம்மை ஏமாற்றக் கொட்டிய உறையையே முன்கூட்டியே காட்டி உடம்பை உஷார்படுத்துவது. இப்போது ரத்தம் வேண்டாம், ஈஸ்டில் வளர்க்கிறார்கள். நம் நாட்டில் குழந்தைகளுக்கு இது எல்லா மாநிலங்களிலும் கிடைக்க 2011 வரை ஆயிற்று. பிறந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் போடும் முதல் ஊசிதான் தாயிடமிருந்து வருவதைத் தடுப்பது. பேரன் பேத்தி பிறந்தால் ஜாதகம் குறிக்கும் நேரத்தில் இதையும் கேளுங்கள்.

நம் தலைமுறைக்கு அந்த ஊசி கிடையாது. கொதிக்க வைத்த கண்ணாடி சிரிஞ்சும் ஒரே ஊசியும் பத்துப் பேருக்குப் போன காலம் நம்முடையது. முடிதிருத்தும் கடைக் கத்தியையும் சொல்ல வேண்டும். எனவே ஒருமுறை, ஆயுளில் ஒரே ஒருமுறையாவது, எச்.பி.எஸ்.ஏ.ஜி.யும் ஹெபடைடிஸ் சி பரிசோதனையும் செய்துகொள்வதில் என்ன தயக்கம்? கொலஸ்டிராலுக்கு வருடம் இருமுறை கை நீட்டுகிறோம். 2018 ஜூலையிலிருந்து மத்திய அரசுத் திட்டத்தில் இந்தப் பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பாசிட்டிவ் என்று வந்தால் ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் கட்டிப் பிடிப்பதாலும் இது பரவாது. தனி டம்ளர் வைக்கிற கொடுமை வேண்டாம். பிளேடும் பல் துலக்கும் பிரஷும் தனியாக இருந்தால் போதும். குடிப்பவராக இருந்தால் அதை நிறுத்தியே ஆக வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ஈரல் சீக்கிரம் போகும்.

எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. வைரஸின் அளவு, ஈரல் என்சைம், தழும்பின் அளவு எல்லாம் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். மாத்திரை தொடங்குவதற்கான வரம்பை உலக சுகாதார நிறுவனம் 2024-இல் தளர்த்தியிருக்கிறது. முன்பு காத்திருக்கச் சொன்ன பலருக்கு இனி முன்கூட்டியே கிடைக்கும். ஐரோப்பிய மருத்துவர்களும் 2017 வழிகாட்டி நூலில் 'போர்த்தர்' போன்ற பழைய பெயர்களை விட்டு, நாள்பட்ட தொற்று என்றே எழுதத் தொடங்கிவிட்டார்கள். நம் ஊரில் இன்னும் யாராவது டாக்டர் "நீங்க கேரியர்தான், சும்மா இருக்கு" என்று சொன்னால், எழுந்து வராதீர்கள். அடுத்த ஸ்கேன் எந்தத் தேதியில் என்று கேட்டு, அதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.